ஸ்டீரியோ தரமா, கூடுதல் பரப்பா? பண்பலை வானொலிகள் முன் உள்ள கணக்கு

புதுதில்லி: நகரை விட்டுப் புறப்படும் பேருந்தில் பண்பலை வானொலி கேட்பவர்களுக்குப் பழகிப்போன அனுபவம் ஒன்று உண்டு. முதல் சில கிலோமீட்டர் தூரம் பாட்டு தெளிவாக ஒலிக்கும். ஊர் எல்லையைக் கடந்ததும் மெல்லிய இரைச்சல் சேரும். அடுத்த சில நிமிடங்களில் அறிவிப்பாளரின் பேச்சும் அதில் அமுங்கிப் போகும். 'சிக்னல் போய்விட்டது' என்று கேட்பவர் வேறு நிலையத்துக்கு மாறிவிடுவார்.

உண்மையில் பல இடங்களில் சிக்னல் போய்விடுவதில்லை. அதே அலையில் ஒற்றைத் தடமாக, அதாவது மோனோவாக வரும் ஒலி அப்போதும் கேட்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். காதை வருத்தும் அந்த இரைச்சலின் பெரும்பகுதி, ஒலியை இடம், வலம் எனப் பிரிப்பதற்காக ஏற்றப்பட்ட இரண்டாவது சிக்னலுடன் சேர்ந்து வருவதாகும். ஸ்டீரியோவைக் கைவிட்டால், கோபுரத்தை உயர்த்தாமலும் மின்சாரத்தைக் கூட்டாமலும் ஒரு நிலையம் இன்னும் சற்றுத் தொலைவு தெளிவாகக் கேட்கும் என்று ஒலிபரப்புப் பொறியாளர்கள் கூறுவதன் அடிப்படை இதுதான்.

பழைய தொழில்நுட்ப விவாதமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு இந்தியாவில் இப்போது புதிய முக்கியத்துவம் உண்டு. 234 புதிய நகரங்களில் 730 தனியார் பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பு, 2023 ஏப்ரல் 28-இல், 18 மாநிலங்கள் மற்றும் 2 யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 84 மாவட்டங்களில் அகில இந்திய வானொலியின் 91 பண்பலை ஒலிபரப்பிகளைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். அவை ஒவ்வொன்றின் திறனும் 100 வாட் மட்டுமே. பெருநகரங்களில் இயங்கிவந்த பண்பலை, சிறு நகரங்களையும் எல்லையோரக் கிராமங்களையும் நோக்கி நகரும் காலம் இது. குறைந்த திறனில் அதிக மக்களை எட்டுவது எப்படி என்பதே அதன் மையக் கேள்வி.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் வழக்கில் உள்ள பண்பலை ஸ்டீரியோ முறைக்கு அமெரிக்காவின் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் 1961-இல் ஒப்புதல் அளித்தது. ஏற்கெனவே மக்கள் கையில் இருந்த மோனோ வானொலிப் பெட்டிகள் பயனற்றுப் போய்விடக் கூடாது என்பது அந்த வடிவமைப்பின் முக்கிய நிபந்தனை.

அதற்காகப் பொறியாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். இடது, வலது ஒலிகளைக் கூட்டி, 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அடிப்படைப் பகுதியில் அனுப்பினர். மோனோ பெட்டிகள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு ஒலிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை 23 முதல் 53 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மேல் பகுதியில் தனியாக ஏற்றினர். இரண்டுக்கும் நடுவே, 19 கிலோஹெர்ட்ஸில், 'பைலட்' எனப்படும் அடையாள ஒலி ஒன்று இடைவிடாமல் ஒலிக்கும். அதைக் கண்டறியும் ஸ்டீரியோ பெட்டி, கூட்டலையும் வேறுபாட்டையும் சேர்த்து இரு தடங்களைப் பிரித்தெடுக்கும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பண்பலை சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும்போது உருவாகும் இரைச்சல் எல்லாப் பகுதியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதிர்வெண் உயர உயர அதுவும் உயரும். அடிப்படைப் பகுதியில் இரைச்சல் குறைவு. வேறுபாட்டுச் சிக்னல் அமர்ந்திருக்கும் மேல் பகுதியில் அது பல மடங்கு அதிகம். ஸ்டீரியோவில் கேட்க வேண்டுமானால் அந்த மேல் பகுதியைத் திறந்தாக வேண்டும். திறந்ததும் இசையின் விரிவோடு இரைச்சலும் உள்ளே வருகிறது.

ஒலிபரப்பி அருகில் இருக்கும்போது சிக்னலின் வலிமை இதை மறைத்துவிடும். தொலைவு கூடக் கூட முதலில் பாழாவது மேல் பகுதிதான். கோட்பாட்டுக் கணக்கில், வலிமை குறைந்த சிக்னலை மோனோவில் கேட்பதற்கும் ஸ்டீரியோவில் கேட்பதற்கும் இடையிலான இரைச்சல் வேறுபாடு 20 டெசிபெலுக்கும் அதிகம். ஆற்றல் அளவில் அது 100 மடங்குக்கு மேல்.

கிராமத்தில் அதிகம், பெருநகரில் குறைவு

ஏட்டுக் கணக்கு அப்படியே களத்தில் கிடைப்பதில்லை. வாகனங்கள், மின்மோட்டார்கள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவை எழுப்பும் மின்னிரைச்சல் எங்கும் உண்டு. அதைக் கருத்தில் கொண்டு, தரமான பண்பலைச் சேவைக்குத் தேவையான குறைந்தபட்ச மின்புல வலிமையைச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் பரிந்துரையில் வகுத்துள்ளது. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படும் அளவுகள் அவை.

அதன்படி கிராமப்புறங்களில் மோனோ ஒலிக்கு மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட் போதுமானது. ஸ்டீரியோவுக்கு 500 மைக்ரோவோல்ட் வேண்டும். நகரங்களில் இது முறையே 1 மில்லிவோல்ட், 2 மில்லிவோல்ட். பெருநகரங்களில் 3 மில்லிவோல்ட், 5 மில்லிவோல்ட். மின்னிரைச்சல் இல்லாத சூழலில் மோனோவுக்கு வெறும் 50 மைக்ரோவோல்ட் போதும். ஸ்டீரியோவுக்கு அதைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 250 மைக்ரோவோல்ட் தேவை.

மின்புல வலிமையை இரட்டிப்பாக்க ஒலிபரப்பியின் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். எனவே கிராமப்புறத்தில் ஸ்டீரியோவுக்காக 400 வாட் செலவிட்டு எட்டும் எல்லையை, மோனோவில் 100 வாட்டிலேயே எட்டிவிடலாம். மின்னிரைச்சலே இல்லாத இடத்தில் இந்த வேறுபாடு 25 மடங்காக உயர்கிறது. பெருநகரத்திலோ மூன்று மடங்குக்கும் குறைவு.

இந்த எண்கள் உணர்த்தும் செய்தி தெளிவானது. சுற்றுப்புறம் எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மோனோவின் ஆதாயம் அதிகம். தில்லி, மும்பை போன்ற நகரங்களில் அது சொற்பம். வயல்வெளி சூழ்ந்த ஊரிலும், வாகன நெரிசல் இல்லாத மலைக் கிராமத்திலும் அதன் பயன் பெரிது.

வரைபடத்தில் எவ்வளவு மாறும்?

திறன் நான்கு மடங்குக்குச் சமம் என்பதால் தொலைவும் நான்கு மடங்காகிவிடாது. தரையை ஒட்டிப் பரவும் பண்பலை அலையின் மின்புல வலிமை, தொலைவு இரு மடங்கானால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பது சமவெளிக்கான எளிய கணக்கு. அதன்படி, பாதி வலிமையே போதும் என்ற நிலை வந்தால் எல்லை சுமார் 1.4 மடங்கு விரியும்.

ஸ்டீரியோவில் 10 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும் ஒரு சிறிய நிலையத்தை எடுத்துக்கொண்டால், மோனோவில் அதே தெளிவு சுமார் 14 கிலோமீட்டர் வரை நீளும். வட்டப் பரப்பாகப் பார்த்தால் சுமார் 314 சதுர கிலோமீட்டர் என்பது 616 சதுர கிலோமீட்டராக, ஏறத்தாழ இரு மடங்காகிறது. குன்றுகளும் கட்டடங்களும் மரங்களும் இந்தக் கணக்கை இடத்துக்கு இடம் மாற்றும் என்றாலும், ஆதாயத்தின் அளவு எத்தகையது என்பதை இது காட்டுகிறது.

மோனோவாலும் தாண்ட முடியாத வரம்பு ஒன்று உண்டு. மத்திய அலை போல் பண்பலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவுவதில்லை. அது ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. 30 மீட்டர் உயர ஆண்டெனாவின் அலைத் தொடுவானம் சுமார் 22 கிலோமீட்டர். 100 மீட்டர் உயரத்தில் அது சுமார் 41 கிலோமீட்டர். உயர்ந்த கோபுரமும் பல கிலோவாட் திறனும் கொண்ட நிலையத்தை இறுதியில் தடுப்பது பெரும்பாலும் இந்தத் தொடுவானம்தான். தாழ்ந்த கோபுரமும் சில பத்து வாட் திறனும் கொண்ட நிலையத்தின் ஒலியோ தொடுவானத்தை எட்டும் முன்பே இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. மோனோ உதவக்கூடியது இந்த இரண்டாவது வகைக்கே.

சமுதாய வானொலிகளுக்கு ஏன் முக்கியம்?

இந்தியாவில் இந்த இரண்டு வகைகளுக்கும் இடையிலான தூரம் மிக அதிகம். தனியார் பண்பலைக் கொள்கையின்படி, நான்கு பெருநகரங்கள் அடங்கிய 'ஏ பிளஸ்' பிரிவில் ஒரு நிலையத்தின் கதிர்வீச்சுத் திறன் 25 முதல் 50 கிலோவாட் வரை இருக்கலாம். சிறிய நகரங்கள் அடங்கிய 'டி' பிரிவில் அது 1 முதல் 3 கிலோவாட். சமுதாய வானொலிக்கோ பொதுவாக அனுமதிக்கப்படுவது 100 வாட் மட்டுமே. ஆண்டெனாவின் உயரமும் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

திறனைக் கூட்ட விரும்பினாலும் விதி இடம் தராது. இடம் தந்தாலும் மின்கட்டணத்துக்குப் பணம் இருக்காது. இத்தகைய நிலையத்துக்கு, உரிமத்தின் எந்த வரம்பையும் மீறாமல், செலவும் இல்லாமல் கிடைக்கும் ஒரே விரிவாக்கம் மோனோதான்.

இந்த நிலையங்களின் நிகழ்ச்சிகளில் பேச்சுக்கு உள்ள இடமும் கவனிக்கத்தக்கது. தெலங்கானாவின் மச்சனூரு கிராமத்தில் 2008-இல் தொடங்கப்பட்ட 'சங்கம் ரேடியோ'வை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். தலித் பெண்கள் நடத்தும் அந்த நிலையம் சிறுதானிய விவசாயம், உடல்நலம், நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றை மக்களின் பேச்சுமொழியில் வழங்கிப் பெயர் பெற்றது. விதை பற்றி ஒரு விவசாயி பேசும்போது அந்தக் குரல் இடமிருந்து வருகிறதா, வலமிருந்து வருகிறதா என்பதில் பொருள் ஏதும் இல்லை. அது அடுத்த ஊருக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரே ஒலிவாங்கியின் முன் பதிவான பேச்சை ஸ்டீரியோவில் அனுப்பினால், வேறுபாட்டுச் சிக்னலில் ஏற்றுவதற்கு எதுவும் இருக்காது. ஆனால் பைலட் ஒலித்துக்கொண்டிருக்கும் வரை, கேட்பவரின் பெட்டி அந்த வெற்றிடத்தைத் திறந்து இரைச்சலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

எல்லோருக்கும் பலன் கிடைக்குமா?

கிடைக்காது. மோனோவை ஆதரிப்போர் பலரும் விட்டுவிடும் பகுதி இது.

ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட எளிய கையடக்க வானொலிகளில் பல, ஸ்டீரியோவைப் பிரிப்பதே இல்லை. அவை எப்போதும் அடிப்படைப் பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. நிலையம் எந்த முறையில் ஒலிபரப்பினாலும் அவற்றுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. பைலட்டுக்காகச் செலவாகும் சுமார் 10 சதவீதப் பண்பேற்ற அளவு முதன்மை ஒலிக்குத் திரும்பக் கிடைப்பதால், ஒலி சற்றே உரத்துக் கேட்கும், அவ்வளவுதான்.

நவீன கார் வானொலிகள் மறுமுனையில் உள்ளன. சிக்னல் வலிமை குறைவதைக் கண்டதும் அவை தாமாகவே ஸ்டீரியோவைச் சிறிது சிறிதாகக் குறைத்து மோனோவுக்கு மாறிவிடும். செல்போன்களின் வானொலிச் சில்லுகள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. இந்தச் சாதனங்கள் நிலையம் செய்ய வேண்டிய வேலையை ஏற்கெனவே செய்துவிடுகின்றன.

உண்மையான ஆதாயம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாதனங்களுக்கே. ஸ்டீரியோவைப் பிரிக்கும், ஆனால் தானாக மோனோவுக்கு மாறத் தெரியாத மலிவு விலை ஒலிப் பெட்டிகள், பெருக்கிகளில் பொருத்தப்படும் எளிய பண்பலைத் தகடுகள், மோனோ பொத்தான் இல்லாத வீட்டுச் சாதனங்கள் ஆகியவை இதில் அடங்கும். தேநீர்க் கடையிலும் சிறு பட்டறையிலும் ஒலிக்கும் பெட்டிகளில் இத்தகையவை கணிசம்.

மலைப்பகுதிகளில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அங்கு சிக்னல் நேராக வருவதோடு, எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதமாகவும் வந்து சேரும். இரண்டும் மோதும்போது ஒலி சிதையும். சிக்னல் வலுவாக இருக்கும் இடத்திலும் இது நேரலாம் என்பதால், வலிமையை மட்டும் அளக்கும் சாதனம் மோனோவுக்கு மாறாமல் இருந்துவிடக்கூடும். இத்தகைய சிதைவால் முதலில் பாதிக்கப்படுவதும் வேறுபாட்டுச் சிக்னல்தான். இமயமலை மாநிலங்களில் மோனோவின் பயன் எல்லைக் கணக்கில் மட்டும் அடங்காது என்பதற்கு இதுவே காரணம்.

இழப்பது என்ன?

இசைதான். திரையிசைப் பாடல் ஒன்றில் வயலின்கள் ஒருபுறமும் தாளக் கருவிகள் மறுபுறமும் விரிந்து ஒலிக்கும் அனுபவம் மோனோவில் நடுவே குவிந்துவிடும். இணையவழிப் பாட்டுச் செயலிகளோடு போட்டியிடும் தனியார் இசை நிலையங்கள் இதை விட்டுக்கொடுக்கத் தயங்குவது இயல்பே. அவற்றின் விளம்பர வருவாய் நகர மையத்தில் இருக்கும் நேயர்களைச் சார்ந்தது. அங்கு சிக்னல் வலுவாக இருப்பதால் ஸ்டீரியோவுக்கு அவர்கள் தரும் விலை மிகக் குறைவு. அவர்களைப் பொறுத்தவரை ஸ்டீரியோவைத் தொடர்வதே சரியான முடிவு.

தொழில்நுட்பக் கவனமும் தேவை. இடது, வலது ஒலிகள் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் பதிவாகியிருந்தால், கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். குரலோ கருவியோ மங்கிப்போகும். நிலையத்தில் ஓர் இணைப்புக் கம்பி தலைகீழாக மாறியிருந்தாலே இது நேரும். மோனோவுக்கு மாறும் முன் இதைச் சரிபார்ப்பது அவசியம்.

இது ஒரேயடியாக எடுக்க வேண்டிய முடிவும் அல்ல. பெரும்பாலான நவீன ஸ்டீரியோ என்கோடர்களில் மோனோவுக்கு மாறும் வசதி உள்ளது. காலைச் செய்திக்கும் விவசாய நிகழ்ச்சிக்கும் மோனோ, இரவு இசைக்கு ஸ்டீரியோ என்று நேரம் பிரித்தும் இயங்க முடியும். புயல், வெள்ள எச்சரிக்கை நாட்களில் முழுமையாக மோனோவுக்கு மாறிக்கொள்ளவும் முடியும். பேரிடர் காலத் தகவலுக்குப் பண்பலை தேவை என்று கூறி, செல்போன்களில் அந்த வசதியை முடக்காமல் வழங்குமாறு மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023-இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. போனில் வானொலி இருந்தால் மட்டும் போதாது. எச்சரிக்கை கடைசி ஊரிலும் புரியும்படி கேட்க வேண்டும்.

சதவீதத்துக்கு அப்பால்

அகில இந்திய வானொலியின் பண்பலைச் சேவை எட்டும் நிலப்பரப்பை 59 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாகவும், மக்கள்தொகையை 68 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாகவும் உயர்த்துவது, மத்திய அரசு 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்த 2,539.61 கோடி ரூபாய் மதிப்பிலான ஒலிபரப்பு உள்கட்டமைப்புத் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று. பழைய மத்திய அலை ஒலிபரப்பிகள் படிப்படியாக விடைபெறும் நிலையில், அவற்றை நம்பியிருந்த தொலைதூர நேயர்களுக்கு எஞ்சுவது பண்பலையே.

ஆனால் 'எட்டும் பரப்பு' என்பது ஒற்றை எண் அல்ல. ஒரே ஒலிபரப்பி, ஒரே கோபுரம், ஒரே மின்சாரம். மோனோவுக்கு ஓர் எல்லை, ஸ்டீரியோவுக்கு அதைவிடச் சிறிய இன்னோர் எல்லை. வரைபடத்தில் வரையப்படும் கோட்டுக்கும், தேநீர்க் கடைப் பெட்டியில் இரைச்சல் தொடங்கும் இடத்துக்கும் இடையே பல கிராமங்கள் இருக்கக்கூடும். அந்தக் கிராமங்களுக்குப் புதிய ஒலிபரப்பி அமைக்கப் பல மாதங்களும் நிதியும் தேவை. பைலட்டை நிறுத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இதற்கு நாடு தழுவிய உத்தரவு எதுவும் தேவையில்லை. பெருநகர இசை நிலையத்துக்குப் பொருந்தும் விடை மலைக் கிராமத்துச் சமுதாய வானொலிக்குப் பொருந்தாது. பேச்சை முதன்மையாகக் கொண்ட குறைந்த திறன் நிலையங்கள், ஒரு வாரம் ஸ்டீரியோவிலும் ஒரு வாரம் மோனோவிலும் ஒலிபரப்பி, எல்லையோர ஊர்களில் உள்ள நேயர்களிடம் எப்படிக் கேட்கிறது என்று விசாரித்தாலே விடை கிடைத்துவிடும்.

அகில இந்திய வானொலியின் முதல் பண்பலைச் சேவை 1977-இல் சென்னையில் தொடங்கியபோது, மத்திய அலையில் இல்லாத தெளிவே அதன் ஈர்ப்பாக இருந்தது. கிராமங்களுக்கு நகரும் இன்றைய பண்பலைக்கும் அதுவே அளவுகோல். நகர நடுவில் இருப்பவருக்கு அந்தத் தெளிவு இரு காதுகளிலும் விரியும் இசையாக இருக்கலாம். கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் இருப்பவருக்கு, சொல்வது இன்னதென்று புரிவதே தெளிவு.